அக்காவின் வலது கால்

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் அவளைப் போல அத்தனை கார்களின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் வேறு யாரும் இல்லை. பதினோரு வருடமாக, வாரத்துக்கு ஆறு நாள், ஊரார் கார்களில் ஏறி உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். எந்தக் காரும் அவளை வைத்துக்கொண்டு ஓரடி கூட நகர்ந்ததில்லை.

அவள் வேலை, மிதிப்பது.

கணவர் பிரேக் மெக்கானிக்; தெருவுக்கு அவர் பிரேக்காரர். முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்னால் இரண்டு அறை வீடு. நடுவில் ஒரு கதவு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். அடுப்பில் பால் இருந்தாலும் சரி, தலையில் எண்ணெய் இருந்தாலும் சரி, "இந்தா, ஒரு நிமிஷம் வா" என்று குரல் வந்தால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் காரில் ஏற வேண்டியதுதான். பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயுமாகப் பீச்சுவதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மூடுவார்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி... பிடி... விடு."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி இவ்வளவுதான் என்று பக்கத்து டயர்க்கடைக்காரர் கேலி செய்வார். "சண்டை போட்டா என்ன பேசுவீங்க? 'விடு, விடு, விடு'ன்னா?" என்பார்.

முன்பெல்லாம் கூலிக்கு வந்த யாராவது மிதிப்பார்கள். கடைசியில் பிரேக்காரர் தானே ஏறி மிதித்துப் பார்த்து, சரி என்று சொல்லுவார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஜாக்கி சரிந்து ஒரு வேன் அவர் மேல் இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது முழங்காலுக்குக் கீழே நரம்பு செத்துவிட்டது. கால் இருக்கிறது, நடக்கிறது, செருப்புப் போட்டுக்கொள்கிறது. ஆனால் ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது. சாயங்காலம் அக்காதான் அந்தக் காலைப் புரட்டிப் பார்த்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று சொல்வாள். இடது காலால் மிதிக்கலாம்தான். ஆனால் அது கிளட்ச் பழகிய கால். நிதானம் கிடையாது. பிரேக்கில் வைத்தால் யானை மாதிரி இறங்கும். பெடல் எந்த இடத்தில் கடிக்கிறது, கடித்த பிறகு எவ்வளவு அமுங்குகிறது என்பதெல்லாம் அதற்குப் பிடிபடாது.

அப்படித்தான் அக்காவின் வலது கால் பட்டறையின் கால் ஆனது. அவள் "சரியா இருக்கு" என்றால் வண்டி வெளியே போகும். இல்லையென்றால் போகாது. அவள் ஊருக்குப் போனால் பட்டறைக்குப் பூட்டு. அதனால் அவள் ஊருக்குப் போவதில்லை.

வியாழக்கிழமை மழையில் தம்பியின் கார் வந்தது.

தம்பி என்றால் அவளுடைய கூடப் பிறந்தவன். எட்டு வயதிலிருந்து அவள் சோறு போட்டு வளர்த்தவன். இப்போது வயது முப்பது. ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வாரக் கடைசியானால் ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போய் நேரம் குறிக்கிற ஓட்டத்தில் கலந்துகொள்வான். கார் பன்னிரண்டு வருடப் பழையது. ஆனால் எஞ்சினைத் தட்டினால் பட்டறைத் தகரம் அதிரும். டிக்கியில் பெட்டி பெட்டியாகச் சாமான் இருந்தது. முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், டிஸ்கைக் கவ்வும் நாலு பிஸ்டன் காலிப்பர், சூடு தாங்கும் பேட், எஃகு பின்னிய ஹோஸ், சீக்கிரம் கொதிக்காத பந்தய பிரேக் ஆயில் நாலு டின்.

"மாமா, ஞாயித்துக்கிழமை காலைல ஓட்டம். சனிக்கிழமை மூணு மணிக்கு எடுத்துக்கறேன். புது பேட்ட ரோட்ல பழக்கணும்ல?"

"மழை நிக்கட்டும் மாப்ளே, செஞ்சிடலாம்" என்றார் பிரேக்காரர். காலிப்பரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சாமானைப் பார்த்தால் அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் மாதிரி ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். பழைய காலிப்பரைக் கழற்றினார். சக்கர மையத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்; துளி துரு இருந்தாலும் டிஸ்க் கோணும், கோணினால் பெடல் உதறும். புது டிஸ்கில் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்தார். புதுக் காலிப்பருக்குப் பழைய சக்கரம் இடம் கொடுக்கவில்லை. அது தெரிந்தே தம்பி ஒரு சுற்றுப் பெரிய அலாய் வீல் வாங்கியிருந்தான். டயர்க்கடைக்காரர் டயர் ஏற்றி, மழையில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணே இது? குழந்தை அப்பா செருப்ப மாட்டிட்டு நடக்கற மாதிரி இருக்கு."

"நீ மாட்டிப் பாரு. சக்கரக் கம்பி காலிப்பர்ல உரசுதா?"

டயர்க்கடைக்காரர் சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றினார். "சுண்டு விரல் போகுது. போதுமா?"

"உன் சுண்டு விரலா, என் சுண்டு விரலா? உன்னோடது வாழைத்தண்டு."

தானே குனிந்து பார்த்து, போதும் என்று தலையாட்டினார். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, கிளிக் சத்தம் கேட்கும் ஸ்பானரால் கடைசி இறுக்கு இறுக்கினார். ஒவ்வொரு கிளிக்குக்கும் "ம்" என்றார். அக்கா கதவருகே நின்று கிழங்கை உரித்துக்கொண்டே பார்த்தாள். அவளுக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். சோறும் முட்டையும் அவித்த கிழங்கும். சாப்பிட்டுக்கொண்டே போனை நீட்டினான்.

"அக்கா, போன மாச ஓட்டம் பாரு."

சின்னத் திரையில் கார் ஒரு வளைவை நோக்கிப் போனது. திரும்பவில்லை. பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு, அடுக்கி வைத்த பழைய டயர்களை நோக்கிப் போய், ஒரு முழம் தள்ளி நின்றது. உள்ளேயிருந்து தம்பியின் சிரிப்பு கேட்டது. அக்கா கையில் சோற்றோடு அப்படியே இருந்தாள்.

"இது எதுக்குடா என்கிட்ட காட்டற?"

"பழைய பிரேக்குக்கா. சூடாகி விட்டுடுச்சு. இனிமே விடாது."

"அப்பாடா. இனிமே நல்லா நிக்கும்ல?"

தம்பி வாய் நிறையச் சிரித்தான். "நிக்கறதுக்கு இல்லக்கா. லேட்டா மிதிக்கறதுக்கு. வளைவுக்கு முன்னால எல்லாரும் நூறு மீட்டர் போர்டுல மிதிப்பாங்க. நல்ல பிரேக் இருந்தா நான் எழுபதுல மிதிப்பேன். தைரியம் வந்தா அறுபது."

அவன் கை கழுவிவிட்டுப் போய்விட்டான். அக்கா தட்டை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் கணவரின் காலைத் துடைத்துவிடும்போது கேட்டாள். "முடியாதுன்னு சொல்லிடுங்களேன்."

"எதை?"

"அந்தக் கார. சாமான் சேரலன்னு சொல்லுங்க."

"சேந்துதே."

"சேரலன்னு சொல்லுங்கன்னு சொல்றேன்."

பிரேக்காரர் காலைத் தரையில் இறக்கி வைத்தார். "நான் முடியாதுன்னா பெரிய ரோட்டுக் கடைக்குப் போவான். அவனுங்க கைக்கு வந்தபடி முறுக்கி அனுப்புவானுங்க. அது பரவாயில்லையா உனக்கு?"

"நல்லா செஞ்சா இன்னும் வேகமாப் போறான். மோசமா செஞ்சா..."

"அதான் நல்லா செய்யறேன்" என்றார். "போறவன் எப்படியும் போவான். நிக்கற வேலை மட்டும்தான் என் கையில இருக்கு."

தம்பியிடம் சொல்லியும் பார்த்தாகிவிட்டது. அவன் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "நீ சீரியல் பாக்கறத கொஞ்சம் குறை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை, அடைமழையில், அவள் காரில் ஏறினாள்.

அந்தக் காரின் இருக்கை ஆளை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். உட்கார்ந்தால் எழுவதற்குக் கைப்பிடி தேட வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. பட்டறை வாசலும் தெருவும் கரைந்து கரைந்து தெரிந்தன. பெடலுக்குக் கீழே வழக்கமான மரக்கட்டை இருந்தது. பழைய கார்களுக்கு அது அவர் போட்ட சட்டம். பெடலை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வருடக்கணக்காக ஒரே தூரம்தான் போய்வந்திருக்கும். அந்தத் தூரம் வழவழப்பு. அதற்கு அப்பால் துருவும் கசடும். காற்று எடுக்கும்போது பெடலை அடி வரைக்கும் விட்டால் ரப்பர் அங்கே போய் உரசிக் கிழியும். கட்டை இருந்தால் பாதியில் நிற்கும்.

நாலு சக்கரமும் ஒரு சுற்று முடிந்தது. ஒரு டின் காலி.

"எப்படி இருக்கு?"

அக்கா அமுக்கினாள். ஓரங்குலம் இறங்கி, பெடல் கவ்வி நின்றது. எத்தனையோ கார்களில் மிதித்திருக்கிறாள்; இவ்வளவு துல்லியமாக ஒன்று நின்றதில்லை. மெச்சத்தான் தோன்றியது.

கார்க் கதவோரம் மீதி மூன்று டின்கள் வரிசையாக நின்றன. இந்த ஆயில் உள்ளூரில் கிடைக்காது. தலைநகரத்திலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமைக்கு முன்னால் வராது.

"மெத்துமெத்துன்னு இருக்கு" என்றாள்.

காருக்கு அடியில் பாட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"காத்து வர்றது நின்னு போச்சே. சரியாப் பாரு."

"பாத்துட்டேன். இறங்குது."

"சரி. திரும்ப எடுக்கலாம்."

ஒரு தடவைகூட அவர் அவள் சொல்லைச் சந்தேகித்ததில்லை. இப்போதும் இல்லை. இரண்டாவது சுற்று. கட்டை இருந்ததால் ஒரு அமுக்குக்கு அரை மடக்கு ஆயில்தான் வெளியேறியது. இப்படியே போனால் தம்பி வரும் நேரம் ஆனாலும் மூன்று டின் காலியாகாது. அக்கா குனிந்து கட்டையை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளினாள். காரணம் தெரியாதவள் அல்ல. ஒரு காலை நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள். பெடல் இப்போது அடி வரைக்கும் போனது. கீழே பாட்டிலில் ஆயில் பீறிட்டது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி... விடு. எப்படி?"

"அப்படியேதான்."

பத்து மணிக்குப் பிரேக்காரர் எழுந்து வந்து, காலிப்பர்களின் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். இடமும் வலமும் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே வரும், காற்று மேலே சிக்கிக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வந்தவன் செய்யும் தப்பு அது. அவர் செய்யவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தை ஒட்டிப் பார்த்தார். காகிதம் உலர்ந்தே இருந்தது. செப்பு வாஷர்களை மாற்றினார். மூன்றாவது சுற்று. இரண்டாவது டின் காலி; மூன்றாவது பாதி.

ஈரத் தரையில் அட்டையைப் போட்டு அவர் உள்ளே நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் செத்த காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது? பின்னால் வீடு, முன்னால் மழை. நடுவில், சொல்லிவிட்ட பொய். இப்போது "சரியா இருக்கு" என்றால், காலையிலிருந்து ஏன் இல்லை என்ற கேள்வி வரும். 'மெத்து' என்று சொன்னவள் மெத்து என்றே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். "கொஞ்சம் இறங்கு."

உள்ளே உட்கார்ந்து இடது காலால் மிதித்தார். இரண்டு தடவை. மூன்று தடவை.

"எனக்குக் கல்லு மாதிரி இருக்கே."

அக்கா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"உங்க காலுக்கு எதுதான் கல்லு இல்ல?"

பக்கத்துக் கடையில் டயர்க்கடைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிரேக்காரர் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். காலைத் தூக்கி வெளியே வைத்தார்.

"சரி, ஏறு" என்றார். "எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். கண்டுபிடிக்கலாம்."

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. அக்கா ரொட்டியும் டீயும் கொண்டுவந்து காரின் மேல் வைத்தாள். டீ ஆறி ஏடு கட்டியது. இரண்டே முக்காலுக்கு நாலாவது டின் முடிந்தது. தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்தாள்.

"என்னங்க, ஆயில் தீந்து போச்சு."

"தெரியுது."

"திங்கக்கிழமைதான் வரும்ல?"

"ம்."

அவர் தரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடினவர் போல இருந்தார். அக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஜெயித்துவிட்டோம் என்றும் தோன்றியது.

மூன்று மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான்.

"என்ன மாமா, துக்க வீடு மாதிரி இருக்கு?"

"முடியல மாப்ளே. பெடல் ஏறல. நாலு டின்னும் போச்சு. எனக்கே வெக்கமா இருக்கு."

"அவ்வளவுதானே!" தம்பி தோள் பையைத் திறந்தான். "கைல ஒண்ணு இருக்கட்டும்னு அஞ்சாவதா வாங்கி வச்சிருந்தேன். இந்தாங்க."

அந்த டின்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. தம்பி கவனிக்கவில்லை. காருக்கு முன்னால் நின்று சக்கரங்களை ரசித்துக்கொண்டிருந்தான்.

கடைசிச் சுற்று. இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். வேறு வழியில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியாது. போகிறவன் போகட்டும்.

"எப்படி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அலுத்துப்போன குரல்.

அக்கா அமுக்கினாள். கவ்வியது. "சரியா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். காலை எடுக்காமல் பிடித்தாள். பாதத்துக்கு அடியில், ஆற்று மணல் நழுவுவது போல, பெடல் மெல்ல, மிக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் இது இல்லை. காற்று இருந்தால் முதலிலேயே பஞ்சாக இறங்கும். இது நின்றுவிட்டு, பிறகு இறங்குகிறது.

"இறங்குது" என்றாள். "என்னங்க, இறங்குது."

"காலைல இருந்து இதைத்தானே சொல்ற."

"இல்லங்க, இது வேற. பிடிச்சா இறங்குது. மெதுவா."

தம்பி அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறினான். டப் டப் என்று இரண்டு மிதி மிதித்தான். "கல்லு மாதிரி இருக்கு! மாமா, நீங்க மிதிச்சீங்களா?"

"எனக்கும் கல்லுதான்" என்றார் பிரேக்காரர், தரையைப் பார்த்தபடி.

தம்பி அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். மெதுவாகச் சிரித்தான். "புரிஞ்சு போச்சு. நான் போகக்கூடாது. அதானே?"

"ஆமா, போகக்கூடாது. ஆனா பெடல் நிஜமா இறங்குதுடா."

"காலைல இருந்தா?"

'இல்லை, இப்போதுதான்' என்றால், காலையில் சொன்னது பொய் என்று ஆகும். பொய் சொன்னவள் சொல்லை இப்போது யார் கேட்பார்கள்? நம்ப வைக்க வேண்டுமானால் பொய்யைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"காலைல இருந்துதான்" என்றாள்.

"சரிக்கா. ராத்திரி போன் பண்றேன்." தம்பி கதவைச் சாத்தி எஞ்சினைத் தட்டினான். தகரம் அதிர்ந்தது. பட்டறையிலிருந்து தெருவுக்குச் சரிவு. வண்டியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். பிரேக்காரர் மழையில் நனைந்துகொண்டே பின்னால் போய்க் கேட்டைத் திறந்தார். கார் சரிவின் நடுவில் நின்றபோது அக்கா ஓடிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"நானும் வரேன். நீ பேட் பழக்கற இடத்துக்கு. நாளைக்கும் வரேன்."

"விளையாடாத. இறங்கு."

"இறங்க மாட்டேன்."

"மாமா மழையில நிக்கறாரு பாரு. இறங்குக்கா."

"நிக்கட்டும். உன்னை எட்டு வயசுல இருந்து..."

"ஆரம்பிச்சிட்டியா! எட்டு வயசு, எட்டு வயசு! நான் என்ன பண்ணாலும் எட்டு வயசு. இந்த ஒரு நாள்தான்கா நான் மூச்சு விடறேன். மத்த ஆறு நாளும் அந்த நாற்காலில கட்டிப் போட்டு வச்சிருக்கானுங்க, தெரியுமா உனக்கு? நீ பாட்டுக்கு..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. கண் கீழே போனது. அவன் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. பேச ஆரம்பித்ததிலிருந்து எடுக்கவே இல்லை. பெடல் அவன் காலோடு சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது இன்னும் வேகமாக. இன்னும் அழுத்தினான். தரையைத் தொட்டது. கார் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடிக்கு அப்பால் பிரேக்காரர் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்தபடி, "வா, வா, வரலாம்" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பம்பர் அவருடைய வலது காலில் முட்டி அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"டேய்!"

தம்பி கைப்பிரேக்கை இழுத்தான். கார் நின்றது. பிரேக்காரர் அப்போதுதான் திரும்பி, கீழே குனிந்து, தன் காலையும் பம்பரையும் பார்த்தார். யாரோ வேறொருவருடைய காலைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

அதற்குப் பிறகு யாரும் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. டயர்க்கடைக்காரரும் வந்து நாலு பேருமாகக் காரை மேலே தள்ளினார்கள். காலில் தோல்தான் கன்றியிருந்தது. அக்கா மருந்து போட்டுக் கட்டினாள். தம்பி ஒரு மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரேக்காரர் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளேயிருந்த ரப்பரை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் விளிம்பு நெடுகக் கிழிந்திருந்தது. புதுக் கிழிசல். அவர் எழுந்து போய்க் காருக்குள் குனிந்தார். பெடலுக்குக் கீழே பார்த்தார். பிறகு இருக்கைக்கு அடியில் கையை விட்டார்; மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒன்றுமில்லை. அக்காவை ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன மாமா?" என்றான் தம்பி.

"ரப்பர் போயிடுச்சு. பழைய சிலிண்டர். நான் மாத்தச் சொல்லியிருக்கணும்."

தம்பி அக்காவிடம் வந்தான். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"காலைல இருந்து நீ சொல்லிட்டே இருந்திருக்க. ரெண்டு ஆம்பளைங்க கேக்கலை. நாளைக்கு அந்த எழுபது மீட்டர்ல இது இறங்கியிருந்தா..." அவளுடைய வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "இனிமே நீ மிதிச்சு சரின்னு சொல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்கா. உன் மேல சத்தியம். நீ சொன்னா போவேன். வேண்டாம்னா வேண்டாம்."

அக்கா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. பட்டறை மூடியிருந்தது. பிரேக்காரர் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா நீ சொல்லுவே. சொல்லிட்டா நான் அவன்கிட்ட மறைச்சவனா ஆயிடுவேன். இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்க காலைப் பத்தி நான் சொன்னது..."

"கால் கல்லுதானே. அதுல ஒண்ணும் பொய் இல்ல." டீயை எடுத்துக் குடித்தார். "அது ஒண்ணுதான் நேத்து மத்தியானம் வரைக்கும் நீ சொன்ன நிஜம்."

புதன்கிழமை புது சிலிண்டரும் ஆயிலும் வந்தன. பிரேக்காரர் சிலிண்டரை மாட்டினார். புதுசுக்குக் கட்டை தேவையில்லை. ஆனாலும் அவர் உள்ளே குனிந்து, மரக்கட்டையைப் பெடலுக்குக் கீழே வைத்து, கம்பியால் இழுத்துக் கட்டினார். கம்பியின் முனையை இடுக்கியால் நாலு முறுக்கு முறுக்கினார். பிறகு போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

ஒரே சுற்றில் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே, லீவு போட்டுவிட்டு வந்த தம்பி நின்றுகொண்டிருந்தான். அவள் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை முடிவு ஒட்டும் பலகையைப் பார்ப்பது மாதிரி.

"எப்படி இருக்கு?" கீழேயிருந்து குரல்.

பெடல் நின்றது. பிடித்தாள். நின்றது. நூறு எண்ணினாள். நின்றது. பொய் சொன்னால் கீழே படுத்திருப்பவருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் மேலே நிற்பவன் போவான். ஜன்னலில் அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது.

"சரியா இருக்கு" என்றாள்.

தம்பி கைதட்டினான். "அவ்வளவுதான்! அடுத்த ஓட்டம் மூணு வாரத்துல. வாக்கா, பேட் பழக்கணும். நீ கூட உக்காந்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

"எனக்கு அடுப்புல வேலை இருக்குடா."

"நீதானே அன்னிக்கு வரேன்னு அடம் பிடிச்ச?"

புது பேட் என்றால், வேகமாகப் போய், முழுக்க நிறுத்தாமல் அழுத்திக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இருபது தடவை சூடாக்கிப் பழக்க வேண்டும். பிரேக்காரர் கம்பியை வெட்டிக் கட்டையை எடுத்தார்; தம்பி அவளைப் பெல்ட் போட்டுப் பூட்டினான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கார் அவளை வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தது. ஊருக்கு வெளியே, கிடங்குகளின் நீண்ட சுவர் ஓரமாக, ஆளில்லாத நேர்ச் சாலை. மைல்கல் ஒன்று தூரத்தில் தெரிந்தது.

எஞ்சின் அலறியது. இருக்கை முதுகில் அறைந்தது. மைல்கல் பாய்ந்து வந்தது. தம்பி மிதித்தான். பெல்ட் மார்பை அறுத்தது. கார் தலை குனிந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வேகம் தளர்ந்தது.

"பாத்தியா! என்ன கடி கடிக்குது! ஒண்ணு."

இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் தள்ளி மிதித்தான். மூன்றாவது தடவை மைல்கல்லின் எழுத்தைப் படிக்க முடிந்த பிறகு மிதித்தான். நாலாவது தடவை மைல்கல் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. அவன் இன்னும் மிதிக்கவில்லை. அக்காவின் வலது கால் எதிரே இருந்த வெறும் ரப்பர் விரிப்பை அடி வரைக்கும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே பெடல் எதுவும் இல்லை.

அப்புறம்தான் அவன் மிதித்தான்.

"இன்னும் பதினாறு இருக்குக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பினான்.